இரைச்சல் நின்ற நேரம்

அத்தியாயம் பதினொன்று

"வாங்க தம்பி, வாங்க. உங்க மேல எனக்கு எந்தக் கோபமும் இல்ல. நான் எப்பவோ மன்னிச்சுட்டேன்."

ஸ்டுடியோ கதவைத் திறந்துவிட்டு ரெக்கார்டிங் இன்ஜினியர் சொன்ன முதல் வார்த்தைகள் இவை. அந்தக் கழுத்தை எந்தப் பக்கம் திருகினால் சுலபமாக இருக்கும் என்று ஈயம் ஒரு கணம் யோசித்தான்.

"ரொம்ப நன்றி சார்" என்றான். "நானும் உங்களை மன்னிச்சுடலாம்னுதான் பாக்குறேன். என்ன பண்ணீங்கன்னு மட்டும் தெரிஞ்சா போதும்."

இன்ஜினியரின் சிரிப்பு ஒரு சுற்று இளைத்தது. ஈயத்தின் பின்னால் நின்றிருந்த சர்வேயர், சண்டை முற்றுவதற்குள் கோர்ட் உத்தரவை எடுத்து நீட்டினார். குற்றம் சாட்டப்பட்டவர் தரப்பு நிபுணர், சம்பவம் நடந்த அறையிலேயே வைத்து ஆம்ப்ளிஃபையரைச் சோதிக்கலாம். காலை பதினொரு மணியிலிருந்து ஒரு மணி வரை. அவ்வளவுதான் கிடைத்திருந்தது.

ஈயம் என்பது அவன் பெற்றோர் வைத்த பெயர் அல்ல. பதினாறு வயதிலிருந்து கையில் சூடான பற்றவைப்புக் கோலும் ஈயக் கம்பியுமாகவே திரிந்ததால் ஊர் வைத்த பெயர். பழைய வால்வ் ஆம்ப்ளிஃபையர்களுக்கு அவனை விட்டால் ஆள் இல்லை என்று பாட்டுக்காரர்கள் எல்லாரும் சொல்வார்கள். சொன்னார்கள் என்பதுதான் சரி. பதினோரு மாதங்களுக்கு முன்னால், அவன் பழுது பார்த்துக் கொடுத்த ஆம்ப்ளிஃபையரில் பேஸ் கிட்டாரை மாட்டி வாசித்துக்கொண்டிருந்த ஒரு பெண், பாடுவதற்காக எதிரே இருந்த மைக்கைத் தொட்டாள். தொட்டவள் எழுந்திருக்கவில்லை. அவள் அவனுடைய சொந்தத் தங்கை.

மெக்கானிக்கின் அலட்சியத்தால் நேர்ந்த மரணம் என்று வழக்குப் பதிவானது. நாளை மறுநாள் தீர்ப்பு. ஜெயிலுக்குப் போவதைப் பற்றி ஈயம் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. தங்கையைக் கொன்றவன் என்ற பெயரோடு போவதுதான் அவனுக்குப் பொறுக்கவில்லை. அதையும்விட, அவளைக் கொன்றவன் தினமும் தலைவாரி, சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு இந்த ஏசி அறையில் உட்கார்ந்திருக்கிறானே என்ற நினைப்பு.

துக்க வீட்டில், பிணத்தை எடுப்பதற்கு முன்னால், அத்தனை பேர் பார்க்க இதே இன்ஜினியர் அவனைக் கட்டிப்பிடித்து, "விடுப்பா, தெரிஞ்சா செஞ்சே?" என்று கேட்டுவிட்டுப் போனார். அந்த ஒரு கேள்வியில் முடிந்தது கதை. அம்மா அன்றைக்கு அவனைப் பார்த்த பார்வையோடு சரி. இன்றுவரை அவனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

சர்வேயர் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இருபத்தாறு வருஷம், எரிந்த கடைகளையும் கவிழ்ந்த லாரிகளையும் பார்த்து, யார் பொய் சொல்கிறார்கள் என்று எழுதிக் கொடுத்தவர். ஓய்வு பெற்ற பிறகும் பொய்கள் ஓய்வு பெறாததால் வக்கீல்களுக்காக அதே வேலையைச் செய்துகொண்டிருந்தார். மூன்று வாரமாக ஈயம் அவருக்குக் கையாள். கூலி கேட்காத கையாள், வாய் மூடாத கையாள்.

"ஆம்ப்ளிஃபையர் எங்க இருக்கு?" என்றார் சர்வேயர்.

"அன்னைக்கு எங்க இருந்துச்சோ அங்கதான். போலீஸ் திருப்பிக் கொடுத்ததும் அப்படியே வெச்சுட்டேன். அந்தப் பொண்ணு ஞாபகமா இருக்கட்டும்னு."

ஈயம் வாயைத் திறப்பதற்குள் சர்வேயர் அவன் காலை மிதித்தார்.

ரெக்கார்டிங் அறையின் மூலையில் அது நின்றது. இடுப்பளவு உயரம், கிழிந்த கறுப்பு ரெக்ஸின், முன்னால் துணி போட்ட ஸ்பீக்கர். ஐம்பது வயதுக்கு மேலாகிறது. அதிலிருந்து ஒரு ஒயர் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்த மிக்ஸருக்குப் போனது. எதிரே, தரையில் ஊன்றிய கம்பியில் மைக். ஈயம் அந்த மைக்கைப் பார்க்காமல் சுற்றிக்கொண்டு போய், சுவிட்சைப் போட்டான்.

அரை நிமிடம் எதுவும் இல்லை. வால்வுகள் சூடேறின. பிறகு தரையிலிருந்து கிளம்புகிற மாதிரி ஒரு இரைச்சல். உம்ம்ம்ம் என்று அடி வயிற்றில் போய் உட்காருகிற இரைச்சல். நடுநடுவே எண்ணெயில் தண்ணீர்த் துளி பட்டாற்போல ஒரு 'பட்', ஒரு 'டிக்'.

"கேட்டீங்களா?" என்றார் இன்ஜினியர். "தம்பி ரிப்பேர் பண்ணிக் கொடுத்ததுலேர்ந்து இதே கதைதான். அன்னைக்கும் இப்படித்தான் இரைஞ்சுக்கிட்டே இருந்துச்சு. கோர்ட்ல கொடுத்த சிடியில கேட்டிருப்பீங்களே, முதல் பாட்டுலேர்ந்து கடைசி செகண்ட் வரைக்கும் இரைச்சல்."

"கேட்டோம். ஒரிஜினல் ரீல் இருக்கா?"

"இல்ல சார். ரீலை அழிச்சு வேற பாட்டுக்கு எடுத்துட்டோம். அந்த சிடி ஒண்ணுதான் மிச்சம்."

"எர்த் ஒயரை அன்னைக்கு யாராவது தொட்டாங்களா?"

"எர்த்து கிர்த்தெல்லாம் எனக்கு என்ன சார் தெரியும்? அதெல்லாம் மெக்கானிக் சமாசாரம். நான் சங்கீதத்துக்காரன். என் வேலை காதோட முடிஞ்சுது." மணியைப் பார்த்தார். "முன்னால ஆபீஸ்ல இருக்கேன். நிதானமா பாருங்க. தம்பி, எதையும் உடைச்சுடாதீங்க."

கதவு மூடியதும் ஈயம், "அவர் மூஞ்சியும் இந்த 'எதையும்'ல சேர்த்தியா சார்?" என்றான்.

"ஒரு மணி வரைக்கும் சேர்த்தி. எனக்கு இன்னொரு தடவை சொல்லு. எல்.கே.ஜி. பையனுக்குச் சொல்ற மாதிரி."

ஈயம் ஆம்ப்ளிஃபையரின் முதுகுப் பலகையைக் கழற்றிக்கொண்டே சொன்னான். "இது பழைய காலத்துப் பெட்டி. பொறந்தப்போ ரெண்டு முள் பிளக்தான், எர்த்தே கிடையாது. உள்ள எந்தப் பாகமாவது கசிஞ்சா, கரன்ட் வெளித் தகட்டுக்கு வரும், அங்கேர்ந்து ஒயர் வழியா கிட்டார் கம்பிக்கு வரும். நான் மூணு முள் பிளக் போட்டு எர்த் கொடுத்தேன். இனிமே கசிவு எர்த்ல இறங்கிப் போயிடும், வாசிக்கிற ஆளுக்கு ஒண்ணும் ஆகாது. எர்த் இல்லேன்னா, மைக்கைத் தொட்ட உடனே ஆளுதான் எர்த்."

"இரைச்சல்?"

"அது இந்த ரூமோட கோளாறு. ஆம்ப்புக்கு ஒரு எர்த், மிக்ஸருக்கு ஒரு எர்த். நடுவுல ஒரு ஒயர் ரெண்டையும் கட்டிப் போட்டிருக்கு. ஒரு வட்டம் உண்டாயிடுச்சு. அந்த வட்டத்துல கரன்ட் சும்மா சுத்திக்கிட்டு உம்முனு இரையும். பாருங்க."

துணியைச் சுற்றிக்கொண்டு முதல் வால்வைப் பிடுங்கினான். இரைச்சல் அப்படியே இருந்தது. இரண்டாவதைப் பிடுங்கினான். 'பட்'டும் 'டிக்'கும் நின்றன, உம் நிற்கவில்லை.

"இரைச்சலுக்கு உள்ள இருக்கிறவன் ஒருத்தனும் குற்றவாளி இல்ல சார், கசிவு வேற கதை. அந்தக் கிழட்டு வால்வ் மட்டும் நடுநடுவுல இருமும். மாத்துறேன்னேன், இவர்தான் ஒரிஜினல், தொடாதேன்னாரு."

"வட்டத்தை எப்படி அறுக்கிறது?"

"எந்த இடத்துல அறுத்தாலும் இரைச்சல் நிக்கும். முறையான வழி, நடுவுல ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்மர் பெட்டி போடுறது. அன்னைக்குக் காலையில ஒம்பது மணிக்கு எனக்கு போன் பண்ணி, இரையுதுடா, உடனே வாடான்னு கத்தினாரு. சாயங்காலம் பெட்டியோட வரேன், அதுவரைக்கும் பொறுத்துக்கோங்கன்னேன். அவருக்குப் பொறுக்காது சார். ஊசி விழுந்தா எந்த ஊசின்னு கேக்கிற ஆளு. எர்த்தைக் கழட்டியிருக்காரு. அவ விழுந்ததும் திரும்ப மாட்டியிருக்காரு."

"ஆனா சிடியில கடைசி பாட்டுலயும் இரைச்சல் இருக்கு. இரைச்சல் இருந்தா எர்த் இருந்துச்சுன்னு அர்த்தம். அப்ப உன் ஈயப்பற்றுதான் சரியில்லன்னு போலீஸ் தரப்பு நிபுணர் சொல்லிட்டார்."

"என் பற்று சரியில்லன்னு சொன்னவனையும் ஒரு தடவை தனியா பாக்கணும் சார்."

"வரிசையில நிறுத்து. சிடியைப் போடு."

இரண்டு ஹெட்ஃபோன்களை மாட்டிக்கொண்டு இருவரும் கேட்டார்கள். ஈயம் இதை இருபது தடவையாவது கேட்டிருப்பான். ஒவ்வொரு தடவையும் அவள் வாசிப்பைத்தான் கேட்டான், அவள் பெருமூச்சைத்தான் கேட்டான், அவள் விழுந்த இடத்தில் நிறுத்திவிட்டு எழுந்து போனான். இந்தத் தடவை சர்வேயர், "உன் தங்கச்சியைக் கேக்காதே. இரைச்சலை மட்டும் கேளு" என்றார்.

கஷ்டமாக இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டான்.

முதல் பாட்டில் உம். அதன் மேல் கிழட்டு வால்வின் இருமல், வாய்க்கு வந்தபடி. ஒரு நேரம் இரண்டு, ஒரு நேரம் ஐந்து, ஒரு நேரம் ஒன்றுமே இல்லை. இரண்டாவது பாட்டிலும் அப்படித்தான். மூன்றாவது, கடைசிப் பாட்டு.

பட். பட் பட். டிக்.

கொஞ்ச நேரம் அமைதியாக உம்.

பட். பட் பட். டிக்.

சர்வேயர் காதிலிருந்த பென்சிலை எடுத்து மேஜையில் ஒரு கோடு போட்டார். ஈயம் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். ஒன்பது நொடி. மறுபடி பட், பட் பட், டிக். மறுபடி ஒன்பது நொடி. பென்சில் ஐந்து கோடு போட்டது. ஆறாவதுக்கு ஈயம் முன்கூட்டியே விரலைத் தூக்கி, சரியாக டிக் வரும்போது இறக்கினான்.

ஹெட்ஃபோனைக் கழற்றியபோது அவன் காது மடல் இரண்டும் சிவந்திருந்தன.

"சார், எந்தக் கிழவனும் ஒன்பது செகண்டுக்கு ஒரு தடவை ஒரே மாதிரி இரும மாட்டான்."

"மாட்டான்."

"இது அன்னைக்கு இருந்த இரைச்சலே இல்ல. முதல் பாட்டுக்கு முன்னாடி எங்கேயோ ஒம்பது செகண்ட் வெட்டி எடுத்து, திருப்பித் திருப்பி ஒட்டியிருக்கான்! கடைசிப் பாட்டு சுத்தமா இருந்திருக்கு, கிழவன்கூட அப்போ இருமல. எர்த் கழட்டினதால சுத்தமா இருந்திருக்கு. இரைச்சல் இல்லேன்னா மாட்டிக்குவோம்னு, அதும்மேல இரைச்சலைப் பூசியிருக்கான்." ஈயம் எழுந்துவிட்டான். "ஊர்ல உள்ள ரெக்கார்டிங்காரன் எல்லாம் இரைச்சலை எடுக்கிறதுக்குத்தான் சாகுறான். இவன் சேர்த்திருக்கான் சார்!"

"உக்காரு."

"இப்பவே போய் அவனை..."

"உக்காருன்னேன். நீ போய்ச் சட்டையைப் பிடிச்சா, காப்பி எடுக்கும்போது மெஷின் கோளாறும்பார். வேலைக்காரன் எவனோ செஞ்சான்பார். ஒட்டுன கை யாருதுன்னு இந்த சிடி சொல்லாது. எர்த்தைக் கழட்டினது நான்தான்னு அவரே சொல்லணும்."

"அவரா? அவர் என்னையே மன்னிச்சவர் சார். அவ்வளவு பெரிய மனுஷன் சொல்வாரா?"

"வாய் சொல்லாது. என் வேலை காதோட முடிஞ்சுதுன்னாரே, அந்தக் காதைச் சொல்ல வைப்போம்." சர்வேயர் எழுந்தார். "நான் போய் வக்கீலுக்கு ஒரு போன் பண்ணிட்டு வரேன். வால்வை எல்லாம் திரும்ப மாட்டி, ஆஃப் பண்ணி வை."

அறையில் ஈயம் தனியானான். வால்வுகளை மாட்டினான். சுவிட்சை அணைத்தான். பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டான். அவன் வாங்கிப் போட்ட பிளக்தான். மூடியைக் கழற்றினால் உள்ளே மூன்று திருகாணி. மேலே இருப்பது எர்த்.

எப்போது மூடியைக் கழற்றினான் என்று அவனுக்கே தெரியவில்லை. திருப்புளி அந்த மேல் திருகாணியில் இருந்தது. இடது பக்கம் ஒரு சுற்று. இன்னொரு சுற்று. போதும் என்று அவனுக்குள் யாரும் சொல்லவில்லை. அந்த ஆள் ஒரே ஒரு தடவை கிட்டாரை மாட்டிக்கொண்டு அந்த மைக்கைத் தொட்டால் போதும், கணக்கு நேராகிவிடும் என்று தோன்றியது. தப்பு என்றும் தோன்றியது. ஆனால் தப்பு என்று தோன்றியது கொஞ்சம் தாமதமாகத்தான்.

"ஈயம்!" வெளியிலிருந்து சர்வேயர். வந்துகொண்டே இருந்தார்.

அவசரமாக மூடியைப் போட்டு பிளக்கைச் சுவரில் செருகினான். திருகாணி முறுக்கவில்லை. ஒயர் அந்தத் துவாரத்தில் சும்மா எட்டிப் பார்த்துக்கொண்டுதான் இருக்கும். விழுந்தாலும் விழும், விழாவிட்டாலும் விழாது.

சர்வேயர் பிளக்கையும் பார்த்தார், அவன் கையிலிருந்த திருப்புளியையும் பார்த்தார். "நீ போய் அவரைக் கூட்டிக்கிட்டு வா. மெதுவா, மரியாதையா. அஞ்சு நிமிஷம் எடுத்துக்கோ."

ஈயம் போனான். சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை.

திரும்பி வந்தபோது சர்வேயர் தரையில் டேப் வைத்து அளந்துகொண்டிருந்தார். ஆம்ப்ளிஃபையரின் சிவப்பு விளக்கு அணைந்திருந்தது. முகத்தில் ஒரு அசட்டுச் சிரிப்பை ஒட்டிக்கொண்டு எழுந்தார்.

"ஒண்ணும் கிடைக்கல சார். எழுதிக் கொடுத்துட்டு கிளம்புறோம். ரிப்போர்ட்டுக்கு ஒரே ஒரு போட்டோ வேணும். அந்தப் பொண்ணு எப்படி நின்னு வாசிச்சுதுன்னு. கிட்டாரை மாட்டிக்கிட்டு, மைக்கை ஒரு கையால பிடிச்சுக்கிட்டு நிக்கிறீங்களா? நீங்க உயரம், அவங்க உயரத்துக்குச் சரியா இருக்கும்."

"அதுக்கென்ன சார்." இன்ஜினியர் சந்தோஷமாக, ஒயர் ஆம்ப்பில் செருகியபடியே சுவரில் சாய்ந்திருந்த பேஸ் கிட்டாரை எடுத்துத் தோளில் மாட்டினார். "ஒண்ணும் கிடைக்கலைன்னா எனக்கும் வருத்தம்தான். தம்பிக்கு ஏதாவது உதவுமேன்னு நினைச்சேன்."

"ஆம்ப் ஆன்ல இருக்கணும். அப்பத்தான் விளக்கு போட்டோவுல விழும்" என்று சர்வேயர் சுவிட்சைப் போட்டார்.

சிவப்பு விளக்கு எரிந்தது. இன்ஜினியர் தலைமுடியைச் சரிசெய்துகொண்டார். சர்வேயர் கேமராவைத் துடைத்தார், மறுபடியும் துடைத்தார். அரை நிமிடம் ஆனது.

இரைச்சல் வரவில்லை.

ஈயம் பிளக்கைப் பார்த்தான். ஒயர் விழுந்துவிட்டது. அவன் தளர்த்திய திருகாணியிலிருந்து அவன் எதிர்பார்த்தபடியே விழுந்துவிட்டது. அந்தப் பெட்டிக்குள்ளே பதினோரு மாதமாகக் கசிந்துகொண்டிருக்கும் பாகம் அப்படியேதான் இருந்தது. கரன்ட் இப்போது அந்த ஆளின் மார்புக்குக் குறுக்கே கிடக்கும் நான்கு கம்பிகளில் நின்றுகொண்டிருந்தது.

ஒரு வார்த்தை போதும். 'தொடாதீங்க'. சின்ன வார்த்தை, மூச்சில் பாதிகூடச் செலவாகாது. ஈயம் அந்த வார்த்தையை நாக்கு வரைக்கும் கொண்டுவந்தான். பிறகு துக்க வீட்டுக் கட்டிப்பிடிப்பை நினைத்துக்கொண்டான். வாயை மூடிக்கொண்டான்.

"மைக்கைப் பிடிங்க சார்" என்றார் சர்வேயர்.

இன்ஜினியரின் கை மைக்கை நோக்கிப் போனது. ஒரு சாண் தூரத்தில் நின்றது. தலையைச் சாய்த்தார். காது கேட்டது, முகம் வெளுத்தது. "ஆம்ப்... ஆன்ல இருக்கா?"

"விளக்கு எரியுதே."

"சூடாயிடுச்சா?"

"நல்லா. ஏன் சார்? பிடிங்க."

இன்ஜினியர் கிட்டார் கம்பிகளிலிருந்து கையைப் பிய்த்துக்கொண்டார். பட்டையைத் தலைக்கு மேலே தூக்கி, கிட்டாரைத் தரையில் விட்டெறிந்து, இரண்டடி பின்னால் பாய்ந்து சுவரில் முட்டினார். "எர்த் இல்ல! எர்த்தைக் கழட்டிட்டீங்க! என்னைக் கொல்லப் பாக்குறீங்களா?"

"எர்த்தா?" சர்வேயர் கேமராவைக் கீழே இறக்கினார். "அதெல்லாம் மெக்கானிக் சமாசாரம்னீங்களே. எர்த் இல்லேன்னு எப்படித் தெரிஞ்சுது?"

"சத்தம்... சத்தம் நின்னு போச்சே!"

"சத்தம் நின்னா நல்லதுதானே சார்? ஆம்ப் சரியாயிடுச்சுன்னுதானே எவனும் நினைப்பான்? சத்தம் நின்னா தொட்டவன் செத்துப்போவான்னு உங்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தா?"

இன்ஜினியர் பிளக் இருந்த சுவரையே பார்த்தார்.

சர்வேயர் குனிந்து கிட்டாரை எடுத்தார். ஒரு கையால் அதன் கம்பிகளைக் கொத்தாகப் பிடித்தார். ஈயம், "சார்!" என்று அலறுவதற்குள் இன்னொரு கையால் மைக்கைப் பிடித்தார். ஒன்றும் ஆகவில்லை. வெற்றிலை பாக்கு கேட்கிறவர் போல நின்றார்.

"எர்த் பத்திரமா இருக்கு. திருகாணி ஒண்ணு கொஞ்சம் தளர்ந்திருந்துச்சு, நான் முறுக்கிட்டேன்." ஈயத்தை ஒரு கணம் பார்த்தார், நகர்ந்தார். "அந்தக் கண்ணாடிக்குப் பின்னால மிக்ஸர்ல சொருகியிருந்த ஒயரைப் பிடுங்கி வெச்சேன். அவ்வளவுதான். எந்த இடத்துல அறுத்தாலும் வட்டம் நிக்குமாமே. வேற எவனா இருந்தாலும் மைக்கைப் பிடிச்சுக்கிட்டு இளிச்சிருப்பான். இந்த அமைதியை ஏற்கனவே ஒரு தடவை உண்டாக்கினவனுக்குத்தான் இதைக் கேட்டா நடுங்கும்."

இன்ஜினியர் சுவரோடு சரிந்து உட்கார்ந்தார்.

"என்கிட்ட எதுவும் எழுதி வாங்க முடியாது" என்றார், மடிப்பு அவிழ்ந்த சட்டைக் கையைச் சரிசெய்துகொண்டே. குரல் தேறியிருந்தது. "பயந்தேன், அவ்வளவுதான். கோர்ட்ல பயத்துக்குத் தண்டனை கிடையாது."

"கிடையாது" என்று சர்வேயர் ஒப்புக்கொண்டார். "அதனாலதான் ரீலைக் கேக்குறேன்."

"அழிச்சாச்சுன்னு சொன்னேனே!"

"சொன்னீங்க. நான் இந்த மூணு வாரத்துல ஏழு ரெக்கார்டிங்காரங்களைப் பாத்துட்டேன். ஒரே கேள்விதான் கேட்டேன். ஒரே வாசிப்புல அருமையா பதிவான ஒரு டேக், இரைச்சல் இல்லாத டேக், அதை வெச்சிருந்தா உங்களுக்கு ஆபத்து. அழிப்பீங்களான்னு. ஏழு பேரும் என்னைப் பைத்தியக்காரனைப் பாக்குற மாதிரி பாத்தாங்க. ஒருத்தர் சொன்னார், பொண்டாட்டி தாலியைக்கூட அடகு வைப்பேன், நல்ல டேக்கை அழிக்க மாட்டேன்னு."

இன்ஜினியரின் கண்கள் ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த இரும்பு அலமாரிக்குப் போய் வந்தன. ஈயத்துக்கு அந்த நொடி போதுமானதாக இருந்தது. அலமாரிச் சாவி பூட்டிலேயே தொங்கியது. மூன்றாவது தட்டில், பின்வரிசையில், துணியில் சுற்றி வைத்திருந்த ஒரு ரீல் பெட்டி. மேலே அந்த ஆளின் கையெழுத்து. தேதி, பாட்டின் பெயர், அதற்குக் கீழே: 'கடைசி டேக். இரைச்சல் இல்லை. அருமை.'

ஈயம் 'அருமை' என்ற சொல்லை இரண்டு முறை படித்தான். அவள் செத்த பிறகு எழுதியது. பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி, நிதானமாக எழுதியது.

"இதுவே போதும்" என்றார் சர்வேயர். "உங்க கையெழுத்து, அந்தத் தேதி, இரைச்சல் இல்லைன்னு உங்க வாக்குமூலம். கோர்ட்ல கொடுத்ததோ இரைச்சலோட. தம்பி நாளை மறுநாள் வீட்டுக்குப் போவான்."

"சரி" என்றார் இன்ஜினியர் தரையைப் பார்த்தபடி. "கழட்டினேன். இரைச்சல் தாங்கல, கழட்டினேன். அந்தப் பொண்ணு சாகணும்னா கழட்டினேன்? விழுந்ததும் உடனே ஆம்புலன்ஸுக்கு போன் பண்ணேன். அப்புறம்தான், அவங்க வர்றதுக்குள்ள, பயத்துல எர்த்தை மாட்டினேன். விபத்து சார். நானும் மனுஷன்தானே?"

அந்த நேரத்தில் அவர் குரலில் உண்மையாகவே அழுகை இருந்தது. ஈயம் அதைக் கேட்டு அசைந்துகொடுத்திருப்பான், கையில் ரீல் இல்லாதிருந்தால். ரீலின் கனம் அவனை உறுத்தியது. மூன்று நிமிடப் பாட்டுக்கு இவ்வளவு நாடா சுற்றியிருக்காது.

"சார், இதுல பாட்டுக்கு அப்புறமும் ஏதோ ஓடியிருக்கு."

"அப்புறம் என்ன இருக்கும்? ஒண்ணுமில்ல" என்றார் இன்ஜினியர். "சிடிக்கு அவ விழுற வரைக்கும்தான் எடுத்தேன். அதுக்கப்புறம் நான் கேட்டதே இல்ல."

"மெஷினை எப்ப நிறுத்தினீங்க?"

இன்ஜினியர் யோசித்தார். யோசிக்க யோசிக்க அவர் முகத்தில் மிச்சமிருந்த நிறமும் போனது. ஈயம் ரீலை மெஷினில் மாட்டிவிட்டான்.

பாட்டு சுத்தமாக வந்தது. அவள் விரல் கம்பியில் உரசுவதுகூடத் தனித்தனியாகக் கேட்டது. வாசித்து முடிந்ததும், கடைசி வரியைப் பாட அவள் இழுத்த மூச்சு. பிறகு ஒரு அறுபட்ட சத்தம், கிட்டார் தரையில் மோதும் சத்தம், ஓடிவரும் செருப்பு. பிளக்கைப் பிடுங்கும் 'டக்'. சர்வேயர் கடிகாரத்தைப் பார்த்தார்.

அதன் பிறகு பேச்சு இல்லை, போன் இல்லை. மைக் மட்டும் விழித்துக்கொண்டிருந்தது. அதன் முன்னால் தரையில் யாரோ மூச்சு விட்டார்கள். இழுத்து, விட்டு, நெடுநேரம் கழித்து மறுபடி இழுத்து. பக்கத்திலேயே திருப்புளி பிளாஸ்டிக்கில் உராய்ந்தது. ஒரு திருகாணி தரையில் உருண்டது. "சனியனே" என்று இன்ஜினியரின் குரல், திருகாணியைப் பார்த்து. தேடும் கை. திரும்ப முறுக்கும் சத்தம், நிதானமாக, முழுதாக. பிளக் சுவரில் ஏறியது. மூச்சு இன்னும் இருந்தது. பிறகு மெல்ல, அடியிலிருந்து, உம்ம்ம் என்று இரைச்சல் எழுந்தது. எர்த் சேர்ந்துவிட்டது. அப்புறம்தான் டயல் செய்யும் சத்தமும், "சீக்கிரம் வாங்க, இப்பத்தான் விழுந்தாங்க" என்ற அழுகையும்.

"ஆறு நிமிஷம் பத்து செகண்ட்" என்றார் சர்வேயர். அவர் குரலே மாறியிருந்தது. "உயிர் ஆம்புலன்ஸ்ல போச்சுன்னு டாக்டர் எழுதியிருக்கார்." ரீலை நிறுத்திவிட்டுப் பென்சிலைத் தேடினார், அது காதிலேயே இருந்தது. "வக்கீலை வரச் சொல்லிட்டேன், போலீஸோட. பத்து நிமிஷத்துல வந்துடுவாங்க." வாசல் பக்கம் போனவர் நின்றார். "ஈயம், அந்த ஆள் கையை மைக்குக்குக் கொண்டுபோனப்போ, நீ வாயைத் திறக்கலையே."

"திறக்கலை சார்."

"ஏன்?"

"திறக்கணும்னு தோணலை."

சர்வேயர் கையை நீட்டினார். "இனிமே திருப்புளியை என்கிட்ட கொடுத்து வை" என்று சொல்லி வாங்கிக்கொண்டு, கதவைச் சாத்திவிட்டு வெளியே போனார்.

ஈயம் நாடாவைப் பின்னால் ஓட்டினான். கிட்டார் விழும் இடத்தில் நிறுத்தினான். இன்ஜினியரின் தோளைப் பிடித்துத் தூக்கி, அவருடைய சுழல் நாற்காலியிலேயே உட்கார வைத்தான். ஹெட்ஃபோனை எடுத்து அவர் தலையில் ஒழுங்காகப் பொருத்தினான்.

"வேண்டாம்பா" என்றார் இன்ஜினியர். "தெரிஞ்சுபோச்சு. ஒத்துக்கிட்டேன். உன் காலை வேணா பிடிக்கிறேன். இதை மட்டும் வேண்டாம்."

"பத்து நிமிஷம் இருக்கு சார். ஒரு தடவை முழுசா கேக்கலாம்."

சுவிட்சைத் தட்டினான். ஹெட்ஃபோனைப் பிடுங்க இன்ஜினியரின் இரண்டு கைகளும் மேலே வந்தன. ஈயம் அவற்றை மணிக்கட்டில் பிடித்து அவர் மடியிலேயே அழுத்தினான். அவர் திமிறினார், கெஞ்சினார், கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். இரைச்சல் ஆரம்பிக்கும்வரை ஈயம் அந்தக் கைகளை விடவில்லை.